தீவுக்குச் செல்வோர் எதை உண்பது?

திருப்பாச்சூரிலிருந்து நேயர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் விடுத்திருக்கிறார். வருகிற விடுமுறையில் குடும்பத்தோடு இலங்கைக்குப் பிரயாணமாகிறாராம். பிரயாண ஏற்பாட்டாளர் தங்கும் விடுதிகளுக்கு ஒரு பட்டியலும், பார்க்கத்தக்க இடங்களுக்கு ஒரு பட்டியலும் கொடுத்துவிட்டாராம். உண்ணத்தக்கது இன்னதென்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லையாம். "அங்கே நம் இட்டிலியும் தோசையும் கிடைக்குமா? கிடைக்காவிடில் எதை உண்பது?" என்பது அவருடைய வினா.

இதற்கு ஒரு தலையங்கமா என்று நகைப்போர் இருக்கலாம். நாம் நகைக்கவில்லை. ஒரு தேசத்தின் நிலையை அதன் சட்டப் புத்தகங்களைக் கொண்டு அறிவதைவிட, அதன் இலையில் விழும் பதார்த்தங்களைக் கொண்டு விரைவில் அறியலாம் என்பது நம் அபிப்பிராயம். இலையில் விழுவது எந்த நிலத்தில் விளைந்தது, எந்தக் கப்பலில் வந்தது, யாருடைய கை அதைச் சமைத்தது, கொடுத்த காசு யாருடைய பையிற் சேர்ந்தது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்டால், அத்தேசம் தன் காலில் நிற்கிறதா, பிறர் தோளில் சாய்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். தீவுகளின் விஷயத்தில் இது இன்னும் பெரிய உண்மை. கரை நாட்டுக்குப் பஞ்சம் வந்தால் அண்டை நாட்டிலிருந்து வண்டியில் தானியம் வரும். தீவுக்குக் கப்பல் வராவிட்டால் அடுப்பு எரியாது.

இலங்கை நமக்குத் தூரதேசமன்று. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பெற்ற பின், சென்னையில் ரயிலேறித் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் மறுபடியும் ரயிலேறிக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தவர் நம் பாட்டன்மார். 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியதும் அவ்வழி அடைபட்டது. இப்போது சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் உண்டு. 2019இல் தொடங்கி இடையில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பற் போக்குவரத்தும் ஆரம்பமாயிற்று. திருவள்ளூரிலிருந்து மதுரைக்குப் போகும் நேரத்திற்குள் யாழ்ப்பாணத்தில் இறங்கிவிடலாம். ஆகவே இவ்வினாவைத் திருப்பாச்சூர் நேயரோடு இன்னும் பலரும் கேட்கப்போகிறார்கள்.

நாமும் ஒரு முறை போய்வந்தோம். நாம் தங்கிய விடுதியில் காலை ஆகாரத்துக்கு ரொட்டித் துண்டும், டப்பியில் அடைத்த பழப்பாகும், பிறதேசத்து வெண்ணெயும் கொணர்ந்து வைத்தார்கள். "உங்கள் வீட்டில் இன்று காலை என்ன சமைத்தார்கள்?" என்று பரிமாறிய இளைஞரைக் கேட்டோம். "பிட்டும் சம்பலும், ஐயா" என்றார். "அதை எங்களுக்குக் கொடுத்தால் என்ன?" என்றோம். "வெளிநாட்டார் அதை விரும்பமாட்டார்கள் என்று முதலாளி நினைக்கிறார்" என்று மெல்லிய குரலில் விடை வந்தது. அந்த விடை நம் நெஞ்சிற் தைத்தது. தன் வீட்டு உணவு விருந்தினருக்குத் தகாது என்று ஒரு ஜனசமூகம் எண்ணத் தொடங்குமாயின், அந்த எண்ணத்தை விதைத்தவர் யார்? அவர்கள் மட்டுமா? கேளாமல் உண்டுவிட்டு எழுந்து போகிற பிரயாணிகளாகிய நமக்கும் அதிற் பங்குண்டு.

ஆதலால் நேயருக்கு நம் முதல் விடை இது: அந்த இளைஞர் வீட்டில் சமைத்ததைக் கேளுங்கள்.

பிட்டிலிருந்தே தொடங்குவோம். திருப்பாச்சூரார்க்குப் பிட்டு புதிதாக இருக்கலாம், மூங்கில் புதிதன்று. பாசு என்றால் மூங்கில். மூங்கிற் காட்டில் எழுந்தமையால் அவ்வூர் பாசூராயிற்று என்பது தலவரலாறு. அதே மூங்கிலின் குழலில் மாவையும் தேங்காயையும் மாற்றி மாற்றி அடைத்து ஆவியில் அவிப்பது குழற்பிட்டு. யாழ்ப்பாணத்தார் இதற்கென்று நீத்துப்பெட்டி என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது பனையோலையாற் பின்னிய கூம்பு வடிவான பெட்டி. அரிசிமாவை வறுத்து, வெந்நீர் விட்டுக் கிளறி, சிறு மணிகளாகக் கொத்தி, தேங்காய்ப்பூச் சேர்த்து, அப்பெட்டியிலிட்டு அவித்தால், மாவோடு ஓலையின் மணமும் சேர்ந்து வரும். சம்பலோடும் உண்ணலாம்; மாம்பழத்தோடும் உண்ணலாம். இடியப்பத்துக்குச் சொதி துணை. தேங்காய்ப்பாலில் பச்சைமிளகாய், வெங்காயம், மஞ்சள் இட்டு, இறக்கிய பின் எலுமிச்சை பிழிந்த அச்சொதியைக் காரம் பொறாத குழந்தைகளும் உண்பர். மத்தியான உணவிற் சிவப்பரிசிச் சோறும், வறுத்தரைத்த தூளிட்ட முருங்கைக்காய்க் கறியும், கீரை வறையும் வரும். சைவ உணவினர்க்கு யாழ்ப்பாணத்தில் ஒரு குறையும் இராது.

புலால் உண்போர் ஒடியற்கூழைத் தவறவிடலாகாது. பச்சைப் பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை மாவாக்கி, நீரிலிட்டுக் கசப்பைப் போக்கி, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு இவற்றோடு புளியும் செத்தல் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சுவது கூழ். ஒரு பெரிய பானையைச் சுற்றிச் சுற்றமெல்லாம் அமர்ந்து, பிலாவிலையைக் கோலிப் பிடித்துக் குடிப்பார்கள். வறண்ட மண்ணில் நீர் ஊற்றாமல் நின்ற மரத்தின் கிழங்கும், கரைக்கடலின் மீனும், கொல்லையின் காயும் ஒரே பானையில் ஒன்றுபடுகின்றன. அதிலே கப்பலில் வந்த சரக்கு ஒன்றுமில்லை.

நம் திருவள்ளூர்ப் பக்கத்து அம்மன் கோயில்களில் ஆடி மாதத்தில் கேழ்வரகுக் கூழ் வார்க்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஆடி பிறந்த அன்று அரிசிமாவும் பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்த்து இனிப்பாக ஆடிக்கூழ் காய்ச்சுகிறார்கள், கொழுக்கட்டையும் அவிக்கிறார்கள். மாதம் ஒன்று, பெயரும் ஒன்று; சுவை மட்டும் வேறு. ஆடியிற் செல்வோர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கிழக்கே மட்டக்களப்புக்குச் சென்றால் மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர் கிடைக்கும். அதன்மேல் கித்துள் என்னும் கூந்தற்பனையின் பாணியை ஊற்றி உண்பது வழக்கம். தெற்கே சிங்கள மக்கள் மங்கல நாளில் தேங்காய்ப்பாலில் அரிசியை வேகவைத்துக் கிரிபத் என்னும் பாற்சோறு செய்து, வில்லைகளாக வெட்டி, உப்பும் மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பலோடு உண்பர். புத்தாண்டில் அடுப்பிலேறுவது அதுவே. பச்சிலைகளை அரைத்து அரிசியிலிட்டுக் காய்ச்சும் கொல கந்த என்னும் இலைக்கஞ்சியைக் காலையிற் பல ஊர்களில் விற்கிறார்கள். தென்கரையில் சூரை மீனைக் கொறுக்காய்ப்புளியும் மிளகும் சேர்த்து நீர் வற்றும்வரை வேகவைக்கிறார்கள்; அம்புல் தியல் என்று பெயர்; பல நாள் கெடாது. பலாப்பிஞ்சைக் கறியாக்கினால் பொலொஸ். வல்லாரைச் சம்பல், ஈரப்பலாக்காய்க் கறி, ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் சுட்ட அப்பம் என்று இன்னும் உள.

முஸ்லிம் சகோதரர்களின் வட்டிலப்பத்தையும் விடலாகாது. தேங்காய்ப்பாலும் கித்துட் கருப்பட்டியும் முட்டையும் ஏலமும் சேர்த்து ஆவியில் அவிப்பது அது. மலாய் மக்களின் வழியாக வந்ததென்பர். அம்மலாய் மக்களை ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரராகவும் நாடுகடத்தப் பெற்றோராகவும் கொண்டுவந்தவர் ஒல்லாந்தர். நம் பழவேற்காட்டில் 1613ஆம் ஆண்டிற் கோட்டை கட்டிய அதே ஒல்லாந்தர்தாம் 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். அவர்கள் சந்ததியாகிய பறங்கியர் வீட்டில் வாழையிலையிற் சோறும் கறியும் பொதிந்து சுடும் லம்ப்ரைஸ் என்ற உணவு இன்றும் உண்டு. ஆண்டவர் போயினர், அவர்கள் விட்டுச்சென்ற பொட்டலத்தைத் தீவு தன் வாழையிலையாற் கட்டித் தனதாக்கிக்கொண்டது.

மலையகத்துக்குப் போவோர் தோட்டத் தொழிலாளரின் தேங்காய் ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் உண்ண வேண்டும். உண்ணும்போது அவர்கள் கதையையும் நினைக்க வேண்டும். நம் தமிழ் ஜில்லாக்களிலிருந்து காப்பித் தோட்டத்துக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்கள் அவர்களுடைய முன்னோர். தோட்டத் துரை இறக்குமதி அரிசியை அளந்து கொடுத்து, அதன் விலையைக் கூலியிற் பிடித்துக்கொண்டார். உலகுக்கெல்லாம் தேயிலை அனுப்பிய மலையில், உழைத்தவன் கைக்கு வந்த சோறு கடல் கடந்து வந்த சோறு. பின்னாளில் அந்த அரிசியின் இடத்தைக் கோதுமை மா பிடித்தது. அந்த ரொட்டி வறுமையிற் பிறந்தது. அதை நாம் இகழோம். ஆனால் அது எப்படி வந்தது என்பதை மறவோம்.

இங்கேதான் நேயரின் வினா அரசியலாகிறது. கோதுமை இலங்கையில் விளைவதில்லை. அப்படியிருக்க, அத்தீவின் தெருவெங்கும் ரொட்டியும் பாணும் நிறைந்தது எவ்வாறு?

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் இலங்கை உண்ட அரிசியிற் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது; அதிலும் பர்மாவே முதன்மை. நெல் விளையவேண்டிய கவலையை விட்டுத் தேயிலையும் ரப்பரும் தென்னையும் பெருக்குவதே லாபம் என்று ஆட்சியாளர் கணக்கிட்டனர். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்தக் கணக்குப் பொய்த்தது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. குறைக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. சுதந்திரம் வந்த பின்னும் சிக்கல் தீரவில்லை. 1952இல் ரப்பரைக் கொடுத்து அரிசி பெறச் சீனத்தோடு உடன்படிக்கை செய்தார்கள். 1953இல் அரசாங்கம் மானியத்தைக் குறைத்து, ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி தீவு முழுவதும் ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டிற் பலர் மாண்டனர். மந்திரி சபை கரையிற் கூட அஞ்சி, துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலிற் கூடிற்று. பிரதமர் டட்லி சேனநாயக்க அதே ஆண்டிற் பதவி விலகினார். ஒரு கொத்து அரிசி ஒரு மந்திரிசபையைக் கப்பலேற்றியது!

அதன்பின் நெல் விளைச்சல் பெருகியது உண்மை. ஆயினும் கோதுமையின் பிடி தளரவில்லை. சிங்கப்பூர் நிறுவனமொன்று திருகோணமலைத் துறைமுகத்தில் மிகப் பெரிய மாவாலையொன்றை நிறுவிற்று. மலிவான மா ஊர்தோறும் பாய்ந்தது. கொத்து ரொட்டியின் தாள ஓசை கேட்காத நகரம் இன்று இலங்கையில் இல்லை. அது சுவையானதே, நாமும் உண்டோம், ஆனால் அது பழைய உணவு அன்று. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அன்னியக் கடனைக் கொடுக்க இயலாதென்று இலங்கை அறிவித்தபோது, மாவுக்கும் எரிவாயுவுக்கும் மருந்துக்கும் ஜனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் உணவுப் பொருள்களின் விலையேற்றம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலாயிற்று. அக்காலத்தில் நம் தமிழ்நாட்டிலிருந்து 40,000 டன் அரிசியும், 500 டன் பாற்பொடியும், மருந்தும் அனுப்ப ஏற்பாடாகி, முதற் கப்பல் அம்மே மாதத்திலே சென்றது. நாம் செய்தது கடமை. ஆனால் அங்கே பல இல்லங்களில் சோற்றின் இடத்தை நிரப்பியவை கொல்லையிலிருந்த பலாவும் மரவள்ளியுமே.

அந்தப் பலா தானாக முளைத்து நின்றதென்று எண்ணவேண்டா. ஆர்தர் வி. டயஸ் என்ற சிங்களத் தேசபக்தர் ஒருவர் இருந்தார். மதுவிலக்கு இயக்கத்தில் ஈடுபட்டு, 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அன்னிய அரசாங்கத்தாற் சிறையிடப்பெற்றவர். உணவுக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் தேசத்துக்குச் சுதந்திரம் நிலையாது என்று கண்டு, பத்து லட்சம் பலாக்கன்றுகள் நடவேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கி ஊர் ஊராகச் சென்றார். ஜனங்கள் அவரைக் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்று அழைத்தார்கள். பிரசங்க மேடையிற் பேசியவர்கள் பலர்; நூறாண்டுக்குப் பின் பசித்தவன் கைக்கு எட்டும்படி பேசியவர் அவர் ஒருவரே என்பது நம் கருத்து. வடக்கே பலாவின் வேலையைப் பனை செய்தது. 1990க்குப் பின் யுத்தத்தால் வடபகுதிக்குப் பண்டங்கள் வருவது தடைப்பட்ட காலத்தில் ஒடியலும் பனங்கட்டியும் குடும்பங்களுக்குத் துணை நின்றன. அந்த யுத்தமே பதுங்கு குழிகளுக்காகப் பனைகளை ஆயிரமாயிரமாக வெட்டி வீழ்த்தியது என்பதும் துக்ககரமான உண்மை.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. வக்கீல் தொழில் செய்தவராதலால் எதிர்க்கட்சியின் வாதத்தையும் நாமே எடுத்துரைப்போம்.

முதல் வாதம்: "மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை அல்லவா? வட்டிலப்பம் மலாயிலிருந்து வந்ததன்றோ? எது பாரம்பரியம், எது அன்னியம் என்று யார் வரையறுப்பது?" நல்ல வாதம். மறுமொழி இது: விதை எங்கிருந்து வந்தது என்பது நம் வினா அன்று, இன்று அது எங்கே விளைகிறது என்பதே வினா. மிளகாய் இத்தீவின் மண்ணில் வேரூன்றி, இத்தீவின் பெண்களுடைய அம்மியில் அரைபட்டுச் சுதேசியாகிவிட்டது. கோதுமை ஒவ்வொரு மாதமும் டாலர் கொடுத்து வாங்கப்படுகிறது. தலைமுறை பல கழிந்தும் அது விருந்தாளியாகவே இருக்கிறது. கப்பல் நின்றால் எது நிற்கும், எது நிற்காது என்பதே உரைகல்.

இரண்டாம் வாதம்: "அப்படியானால் அன்னியச் சரக்கைச் சட்டத்தால் தடுத்துவிடலாமே?" வேண்டா. அதன் பலனையும் இலங்கையே காட்டிவிட்டது. 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தை முன்னேற்பாடின்றித் திடீரென்று தடுத்தது. நெல்லும் தேயிலையும் விளைச்சல் குன்றி, சில மாதங்களிலே தடையை நீக்கிக்கொள்ள நேர்ந்தது. சுதேசியம் ஆணையால் வருவதன்று, பழக்கத்தால் வருவது. கொஸ் மாமா யாருடைய ரொட்டியையும் பிடுங்கவில்லை; கன்றைக் கொடுத்தார்.

மூன்றாம் வாதம்: "தெருவோரத்து உணவு உடம்புக்கு ஆகுமோ?" எச்சரிக்கை தேவையே. ஆனால் கொதிக்கக் கொதிக்க ஆவியில் வேகும் பிட்டைவிட, நாள்பட்ட டப்பி உணவு எவ்வகையில் உயர்ந்தது? வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் 'அம்மாச்சி' என்ற பெயரில் உணவகங்கள் நடக்கின்றன. அம்மாச்சி என்றால் தாயைப் பெற்றவள். சமைப்போரும் விற்போரும் பெண்களே. நம் கண்ணெதிரிலே சமைக்கிறார்கள். தெற்கே 'ஹெல போஜுன்' என்ற பெயரில் இதே முறை உண்டு. அங்கே கொடுக்கும் காசு சமைத்தவள் கையிலேயே விழுகிறது. போரில் துணையை இழந்த குடும்பங்கள் நிறைந்த நாட்டில் இது சிறு விஷயமன்று.

உலகத்தின் பிற தீவுகளும் இதே பாடத்தையே சொல்கின்றன. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவாகத் தீனி போடுவதற்கென்று, ஈரப்பலாக் கன்றுகளைத் தாகித்தித் தீவிலிருந்து கொண்டுவர பிளை என்ற கப்பற்தலைவனை ஆங்கிலேயர் அனுப்பினர். 1789இல் மாலுமிகளின் கலகத்தால் அம்முயற்சி கெட்டது. 1793இல் மறுமுறை கன்றுகள் ஜமெய்க்காவுக்கு வந்து சேர்ந்தன. எஜமானன் திணித்த அந்தக் காயை அடிமைகள் நெடுங்காலம் விரும்பவில்லை. விடுதலைக்குப் பின் அவர்கள் சந்ததியார் அதைத் தங்கள் அடுப்பிற் சுட்டுத் தங்கள் உணவாக்கிக்கொண்டார்கள். பசிபிக் கடலின் நௌரு தீவு வேறு வழிச் சென்றது. மண்ணிலிருந்த பாஸ்பேட்டை வெட்டி விற்று, வந்த பணத்தில் டப்பி உணவை வாங்கி உண்டது. இன்று மண்ணும் போயிற்று. நீரிழிவு நோய் உலகிலேயே மிகுந்த இடங்களில் அத்தீவும் ஒன்றாயிற்று.

பிறர் இலையைப் பார்த்தது போதும்; நம் இலையையும் பார்ப்போம். தமிழ்நாட்டின் மரம் பனை என்று 1978இல் அறிவித்தோம். இலங்கை அதே ஆண்டில் பனைக்கென்று ஓர் அபிவிருத்திச் சபையை நிறுவியது. நாம் பெயரைச் சூட்டிவிட்டு மரத்தைச் செங்கற் சூளைக்குக் கொடுத்தோம். பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று 2021இல் தான் அறிவிப்பு வந்தது. திருவள்ளூர்ப் பக்கத்தில் கோடையில் நுங்கும் தைமாதத்திற் கிழங்கும் உண்பதோடு நிற்கிறோம். கிழங்கை ஒடியலாக்கி ஆண்டு முழுதும் வைத்துண்ணும் வித்தை நமக்குத் தெரியாது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் எழுந்ததை நாம் வெறுக்கவில்லை. பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் வேலைக்குப் போகும் பிள்ளை வழியில் வாங்கி உண்பது பையில் அடைத்த மாப்பண்டமாயின், நாம் தீவாருக்கு உபதேசம் செய்யும் தகுதி உடையோமா?

அந்த வித்தையை அறிந்தவர்கள் தொலைவில் இல்லை. அதே கும்மிடிப்பூண்டியில், 1990 முதல் உயிர் தப்பி வந்த ஈழத் தமிழர் வாழும் முகாம் இருக்கிறது. 2021இல் அம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கே பிறந்து வளர்ந்து தாமே பெற்றோரானவர்களும் உளர். அவர்கள் வீட்டு அடுப்பில் பிட்டு அவிகிறது, சொதி கொதிக்கிறது. ஒடியல் எப்படிக் காயும் என்பது அங்குள்ள முதியோருக்குத் தெரியும். முப்பது ஆண்டுக்கு மேலாக ஒரே ஜில்லாவில் வாழ்ந்தும், திருவள்ளூரார் எத்தனை பேர் அவர்கள் கையால் ஒரு வேளை உண்டிருக்கிறோம்? விமானமேறிப் போய்த் தேடுகிற சுவை கும்மிடிப்பூண்டியிலே இருக்கிறது. நாம் வாசலைத் தட்டவில்லை. அவர்களை அகதி என்று அறிந்தோம். அயலார் என்று அறியவில்லை. குடியுரிமையைப் பற்றிய வழக்கு வேறு. அதை வேறொரு நாள் பேசுவோம். அயலார் என்ற உரிமையைக் கொடுக்கச் சர்க்கார் உத்தரவு எதுவும் வேண்டியதில்லை.

திருப்பாச்சூர் நேயருக்கு முடிவாகச் சொல்வோம். ஐயா, போய் வாருங்கள். விடுதியில் நம் இட்டிலியைத் தேடாதீர்கள். ஊருக்குத் திரும்பினால் அது இருக்கிறது. பரிமாறுபவரிடம் அவர் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேளுங்கள். பெண்கள் நடத்தும் உணவகத்துக்குப் போங்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம், மலையகத்தார் என்ற நால்வர் அடுப்பிலும் ஒருவேளையேனும் உண்ணுங்கள்; ஒருவரையொருவர் கொன்று குவித்த நாட்டில் எல்லார் பானையிலும் தேங்காய்ப்பாலே கொதிக்கிறது என்பதை உங்கள் குழந்தைகள் நாவால் அறியட்டும். திரும்பும்போது பளபளக்கும் பெட்டிகளைவிட, ஓலைக் குட்டானிற் கட்டிய பனங்கட்டியையும் ஒரு நீத்துப்பெட்டியையும் வாங்கி வாருங்கள்.

வந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டிக்குப் போய், அந்த நீத்துப்பெட்டியில் மாவைக் கொத்தி அவிப்பது எப்படி என்று அங்கே ஒரு தாயாரிடம் கேளுங்கள். உங்கள் கொல்லையில் இடமிருந்தால் பனங்கொட்டை நாலைந்து புதையுங்கள். அதன் பயன் நம் காலத்தில் வாராது. பேரப்பிள்ளைகள் காலத்தில் வரும். பலா நட்ட கொஸ் மாமாவும் அப்படி எண்ணியே நட்டிருப்பார்.